சூடான சக்கரத்தில் மல்லிகைத் தண்ணீர்

ஸ்ரீவன் அக்கா வண்டியைப் பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்தினாள். ஆனால் இறங்கவில்லை. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனேன்.

"என்னக்கா, இறங்கலையா?"

"எதுக்கு இறங்கணும்? மறுபடியும் புதுசுன்னு சொல்லிப் பழசையே மாட்டி அனுப்பவா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சியாங் மாயில் கால்வாய் ரோட்டில் இருபது வருஷமாகப் பிரேக் வேலை மட்டுமே செய்கிறவன் நான். ஊவன் என்று கூப்பிடுவார்கள். குண்டன் என்று அர்த்தம். பிறந்தபோது அப்படி இருந்தேனாம், இப்போது வேட்டைநாய் மாதிரி இருக்கிறேன். என்னைச் சோம்பேறி என்று சொல்லியிருக்கிறார்கள், வாய்க்கொழுப்பு பிடித்தவன் என்று சொல்லியிருக்கிறார்கள். திருடன் என்று யாரும் சொன்னதில்லை. அதுவும் ஸ்ரீவன் அக்கா வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

"அக்கா, நீதானே பக்கத்துல நின்னு பாத்த? அட்டப் பெட்டியப் பிரிச்சு உன் கையிலதானே டிஸ்க்கக் குடுத்தேன்?"

"குடுத்த. நானும் பாத்தேன். ஆனா ஆடுதே. நீயே ஓட்டிப் பாரு."

ஓட்டிப் பார்த்தேன். கால்வாய் ரோட்டில் வேகம் எடுத்தபோது ஸ்டீயரிங் கல்லு மாதிரி நின்றது. பிரேக்கில் கால் வைத்தேனோ இல்லையோ, கையில் இடமும் வலமுமாகத் துடிக்க ஆரம்பித்தது. குளிர்க்காய்ச்சல்காரன் கையைப் பிடித்திருப்பது போல இருந்தது. காலை எடுத்தால் நின்றுவிட்டது. வைத்தால் மறுபடியும் துடித்தது.

இதில் குழம்ப ஒன்றும் இல்லை. பிரேக்கைத் தொடாமலே வேகத்தில் ஆடினால் டயரையோ வீல் பேலன்ஸையோ பார்க்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங்கில் ஆடினால் முதலில் முன்சக்கரத்து டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புத் தட்டு. இரண்டு பக்கமும் பேட் வந்து கவ்வினால் வண்டி நிற்கும். தட்டு கோணிப்போயிருந்தால் பேட் விட்டு விட்டுக் கவ்வும், அந்த உதறல் கைக்கு வரும். சக்கரத்தைக் கழற்றி, கோணலை அளக்கும் டயல் வைத்துச் சுற்றினேன். முள் குதியோ குதி என்று குதித்தது. தட்டின் முகத்தில் திட்டுத்திட்டாக நீலம் பாய்ந்திருந்தது. மழைக்காலம் முடிந்து போட்ட டிஸ்க். குளிர் விடுவதற்குள் இந்தக் கதி.

அதற்கு முன்னால் பழைய டிஸ்க்கை இரண்டு முறை லேத்தில் கொடுத்துச் சீவியிருந்தேன். சீவினால் ஒரு மாசம் நன்றாக ஓடும், பிறகு ஆட்டம் வந்துவிடும். சீவச் சீவத் தகடு மெலிகிறது, அதனால்தான் சூடு தாங்கவில்லை என்று நினைத்துப் புதுசு போட்டேன். அதுவும் கோணிக்கொண்டால் நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

ஸ்ரீவன் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அவள் என்னைத் திருடனாக்கியது எனக்கு ஏன் அவ்வளவு வலித்தது என்று புரியும்.

எங்கள் ஊரில் ஆள் ஏற்றும் சிவப்பு வண்டிகளை நீங்கள் படத்தில் பார்த்திருக்கலாம். பின்னால் எதிரெதிரே இரண்டு பெஞ்சு, மேலே கூரை. மலைமேல் கோயிலுக்குப் போகிறவர்களை ஏற்றுவதற்கு மலையடியில் ஒரு ஸ்டாண்டு இருக்கிறது. அங்கே வரிசையில் நிற்பவர்களில் பெண் டிரைவர் இவள் ஒருத்திதான். வண்டி அவள் புருஷன் சேங் ஓட்டியது. சேங்குக்குச் சர்க்கரை வியாதி. கால் எப்போதும் எரியும். சாயங்காலம் அவர் கடைசி நடை இறங்கி வருவதற்கு முன்பே இவள் ஸ்டாண்டில் வாளியோடு காத்திருப்பாள். அவர் செருப்பைக் கழற்றியதும் மல்லிகைப் பூ ஊறிய தண்ணீரை வெள்ளிக் கிண்ணத்தில் மொண்டு காலில் ஊற்றுவாள். அத்தனை பேருக்கு நடுவில்.

"ஏன்டா சேங், உனக்கு ராஜா நினைப்பா?" என்று கேலி செய்வார்கள்.

"பொறாமைப்படாதீங்கடா, உங்க பொண்டாட்டிங்க ஊத்துனா கொதிக்கிற தண்ணியத்தான் ஊத்துவாங்க" என்பார் அவர். நான் பிரேக் பார்க்கப் போனபோது என் காதால் கேட்டிருக்கிறேன்.

அந்தக் காலில் வெடிப்பு வந்தது. வெடிப்பு புண்ணானது, புண் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் பாதத்தை எடுத்தார்கள். அடுத்த புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்கு அவர் இல்லை.

சாவு முடிந்ததும் வண்டியை விற்றுவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். மலை ரோட்டில் ஓட்டிப் பழக அவளோடு நான்தான் போனேன். முதல் நாள் கோயில் வளைவில் நடு ரோட்டில் நிறுத்திவிட்டு, "இந்த சீட்டுல அவரு முதுகு அழுத்தின பள்ளம் இருக்குது தம்பி. அதுக்குள்ளதான் நான் உக்காந்திருக்கேன். இதப் போயி எப்படி விப்பேன்?" என்றாள். பின்னால் ஏழெட்டு வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அப்படிப்பட்டவள்தான் நான் பழசை மாட்டினேன் என்கிறாள்.

அவள் வாயில் அந்தப் பேச்சைப் போட்டது ஸ்டாண்டு. அதுவும் மெல்ல மெல்லத்தான் வந்தது. ஒவ்வொரு வண்டியிலும் மே யா நாங் என்கிற வண்டித்தாய் குடியிருக்கிறாள் என்பது எங்கள் நம்பிக்கை. மாலை போடாமல், கும்பிடாமல் யாரும் சாவியைத் திருப்ப மாட்டோம், நானும்தான். ஸ்டீயரிங் ஆட ஆரம்பித்ததும் ஸ்டாண்டில் பாதிப் பேர் வண்டித்தாய் கோபமாக இருக்கிறாள் என்றார்கள். சேங்கோடு பழகியவளாம், இவளை ஏற்றுக்கொள்ளவில்லையாம். மீதிப் பேர் ஊவன் ஏமாற்றுகிறான் என்றார்கள். ஸ்டாண்டுத் தலைவர் தவின் இரண்டையும் சேர்த்துச் சொன்னார்.

"தவின் அண்ணன் கெடு வச்சிட்டாரு" என்றாள் ஸ்ரீவன் அக்கா. வண்டியை விட்டு ஒருவழியாக இறங்கி டயர் மேல் உட்கார்ந்திருந்தாள். "வர்ற பௌர்ணமி வரைக்கும்தான். அதுக்குள்ள சரியாகலன்னா வரிசைய விட்டு வெளிய போகணும். முன்னாடி உக்காந்த சன்னியாசி அம்மா ஒருத்தங்க ஸ்டீயரிங் ஆடுறதப் பாத்துட்டுப் பாதி மலையிலயே இறங்கிட்டாங்க. பக்கத்து ஊரு லம்பூன்காரன் ஒருத்தன் வண்டியக் கேட்டுக்கிட்டே இருக்கான். குடுத்துரலாம்னு இருக்கேன்."

"குடுத்துட்டு?"

"குடுத்துட்டு என்ன, எங்க அக்கா வீட்டுத் திண்ணையில... போடா, எனக்கே தெரியல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவளுக்கு என்னப் புடிக்கல தம்பி. கையில துடிக்கிறா. விட்டுடு, விட்டுடுன்னு சொல்றா."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் மேல் இல்லை, அந்த டிஸ்க் மேல்.

"அக்கா, கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லு. இறக்கத்துல எந்த கியர்?"

"ரெண்டு. நீ சொல்லிக் குடுத்ததுதான்."

"பிரேக்க மிதிச்சுக்கிட்டே வர்றியா?"

"விட்டு விட்டுத்தான் மிதிக்கிறேன். என்னை என்ன புதுசுன்னு நினைச்சியா?"

"பஞ்சர் போட்டவன் எவனாவது சக்கரத்தக் கழட்டினானா? நட்டக் கண்டபடி முறுக்கினா டிஸ்க் இழுத்துக்கும்."

"உன்னத் தவிர எவனும் தொடல."

"ஓடையில, தண்ணியில இறக்குறியா?"

"மழையே இல்லாத மாசத்துல ஓடைக்கு எங்க போறது?"

"சூட்டோட வண்டியக் கழுவுறியா?"

"ஞாயித்துக்கிழம காலையில வீட்டு வாசல்ல கழுவுறேன். அப்ப அது ஐஸ் மாதிரி கிடக்கும்."

பொய் சொல்லும் முகமில்லை. பேட்டைப் பிடித்திருக்கும் காலிப்பர் இறுகியிருக்கிறதா என்று பார்த்தேன். கையால் தள்ளினாலே நழுவியது. டிஸ்க் உட்காரும் இடத்தில் துரு இருக்கிறதா என்று பார்த்தேன். நான் தேய்த்தது தேய்த்தபடி பளபளவென்றிருந்தது. வண்டியில் குற்றம் இல்லை, ஓட்டுகிறவளிடமும் குற்றம் இல்லை. அப்படியென்றால் குற்றவாளி நான்தான் என்று ஊர் சொல்வதில் தப்பில்லையே. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு அவள் வண்டியில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

"எங்கடா?"

"உன்கூடத்தான். காலையிலேருந்து கடைசி நடை வரைக்கும். நீ மூச்சு விடுறதக்கூட எண்ணப் போறேன்."

"திருட்டுப் பட்டம் குடுத்தாத்தான் வேல செய்வ போல" என்றாள். ஆனால் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. வாழையிலையில் கட்டியிருந்த ஒட்டரிசிச் சோற்றையும் பச்சை மிளகாய்த் துவையலையும் என் மடியில் போட்டாள்.

நாள் முழுக்க ஏறினோம், இறங்கினோம். நன்றாகத்தான் ஓட்டினாள். இரண்டாவது கியரில் இன்ஜின் முனகிக்கொண்டே வண்டியைப் பிடித்து வைக்கும். வளைவுக்கு முன்னால் மட்டும் பிரேக்கை மிதிப்பாள், மிதித்ததும் எடுப்பாள். ஒவ்வொரு மிதிக்கும் அவள் கையில் ஸ்டீயரிங் துடித்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, "சரி தாயி, சரி தாயி" என்று முணுமுணுத்தாள். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. நானும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். குறை ஒன்றும் அகப்படவில்லை.

கடைசி நடை இறங்கியபோது வெயில் இன்னும் போகவில்லை. மலை இறக்கத்துக்குப் பிறகு டிஸ்க் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்றாலே முழங்காலில் அனல் அடிக்கும். அது தப்பில்லை, அதற்காகத்தான் அந்த இரும்பு. தானாக ஆறிவிடும்.

ஸ்டாண்டுக்குள் நுழைந்தால் ஒரு கூட்டம். சவாரிக்கு நிற்கிறார்கள் என்று நினைத்தேன். இல்லை, எல்லாம் உள்ளூர் முகங்கள். டிரைவர்கள், பழக்கடைப் பெண்கள், கழுத்தில் லாட்டரிப் பெட்டியை மாட்டியிருக்கும் புவா. புவா கையில், சாமிப் பொருளில் தூவி லாட்டரி நம்பர் தேடுகிற முகப்பவுடர் டப்பா. எல்லோரும் எங்கள் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"என்னக்கா இது?"

"அவங்க கிடக்குறாங்க. நீ இரு, கும்பிட்டுட்டு வந்துர்றேன்."

இறங்கினாள். வண்டிக்கு முன்னால் மணல் டப்பாவில் ஊதுபத்தி கொளுத்தி வைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, பழக்கடைக்குப் பின்னாலிருந்து ஒரு வாளியைத் தூக்கிவந்தாள். மேலே மல்லிகைப் பூ மிதந்தது. அந்த வெள்ளிக் கிண்ணமும் அதில் கிடந்தது. முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கிண்ணத்தில் மொண்டு, சக்கரத்து ஓட்டை வழியாக டிஸ்க் மேல் நிதானமாக ஊற்றினாள்.

உஸ்ஸென்று சத்தம். வெள்ளையாக ஆவி கிளம்பி அவள் முகத்தை மறைத்தது. கூட்டம் கை கூப்பியது.

"தாயி மூச்சு விடுறா" என்றாள் புவா.

நான் முன்சீட்டில் ஒரு காலை வெளியே வைத்தபடி உறைந்துபோய் உட்கார்ந்திருந்தேன். என் கண் பார்த்ததை என் மண்டை வாங்கிக்கொள்ளவில்லை. அதற்குள் புவா சக்கரத்து ஓட்டையில் கண்ணைக் கொடுத்துப் பார்த்தாள். "நீலமா ஏதோ தெரியுது. எட்டா, ஆறா? தண்ணி பத்தலையே. இந்தா ஸ்ரீவன், இன்னொரு கிண்ணம் ஊத்து. வாளியில ஐஸ் போட்டிருக்கேன், நல்லா ஆவி வரும்."

ஐஸ். நான் இழைத்து இழைத்து மாட்டிய தகட்டின் மேல், அது தகிக்கும் நேரம் பார்த்து, தினம் தினம் ஐஸ் தண்ணீர். ஒரு ஊரே சுற்றி நின்று நம்பர் பார்க்கிறது.

ஓடிப்போய்க் கிண்ணத்தைப் பிடுங்கினேன்.

"டேய் ஊவன், என்னடா பண்ற?" ஸ்ரீவன் அக்கா என் கையைப் பிடித்தாள்.

"நீ என்ன பண்ற? கழுவுறதில்லன்னு சொன்னியே!"

"கழுவுறது வேற. இது தாயிக்குக் கால் கழுவுறது. அவருக்குச் செஞ்ச மாதிரி. நாள் பூரா மலை ஏறி இறங்குறாளே, அவ கால் எரியாதா?"

பொய் சொல்லவில்லை அவள். நான் வண்டியைப் பற்றிக் கேட்டேன், அவள் வண்டியைப் பற்றிச் சொன்னாள். கும்பிடுவதைப் பற்றி நான் கேட்கவுமில்லை, மெக்கானிக்கிடம் யாரும் அதைச் சொல்லவும் மாட்டார்கள்.

கூட்டம் கொதித்தது. தவின் முன்னால் வந்தார். "சாமி காரியத்துல கைய வைக்கிறியே, அறிவிருக்கா? போன தடவ இதுல தெரிஞ்ச நம்பர்தான் புவாவுக்கு விழுந்துச்சு."

"அண்ணே, கும்பிடுறத நான் தடுக்கல. புவாக்கா, உன்னத்தான் கேக்குறேன். அடுப்புல பழுக்கக் காஞ்ச இரும்புச் சட்டி. அதுல ஐஸ் தண்ணிய ஊத்துனா என்ன ஆகும்?"

"கோணிக்கும்" என்றாள் புவா, யோசிக்காமல். சொல்லிவிட்டு வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"இதுவும் அந்தச் சட்டிதான்."

எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. கோணுவது ஒரு பக்கம், அதைவிட மோசமாகவும் ஆகலாம் என்று தோன்றியது. சூடு ஆறும்வரை காத்திருந்து, அங்கேயே ஜாக்கி போட்டு வலது சக்கரத்தைக் கழற்றினேன். டிஸ்க்கைத் துணியால் துடைத்து மெல்லச் சுற்றினேன். பாதி சுற்றுவதற்குள் என் கை நின்றுவிட்டது.

விரிசல். முந்தின நாள் பட்டறையில் பார்த்தபோது இல்லை, இப்போது நடுவிலிருந்து விளிம்புவரை வளைந்து ஓடியது. கட்டைவிரல் நகத்தை வைத்தேன், நகம் உள்ளே இறங்கியது. அன்று முழுக்க நான் உட்கார்ந்து வந்த வண்டி அது. மறுநாள் காலையில் அந்த வண்டியில் மலைக்கோயிலுக்குப் போக இருந்தது கோயில் பள்ளிக்கூடத்துச் சின்னப் பிள்ளைகள். இறக்கத்தில் எந்த வளைவிலாவது இது இரண்டாகப் பிளந்து காலிப்பரில் சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

புவா குனிந்து பார்த்தாள். பழக்கதோஷம், என்ன செய்வது. "ஏழு மாதிரி இருக்கு" என்றாள்.

"வாய மூடு புவா" என்றார் தவின். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. அவர் பேரனும் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறான்.

கூட்டம் சத்தமில்லாமல் கலைந்தது. ஸ்ரீவன் அக்கா மட்டும் டிஸ்க் பக்கத்தில் குந்தியிருந்தாள். விரிசலை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். நான் ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று வார்த்தை தேடினேன்.

"தண்ணி ஊத்தினதாலதான் வெடிச்சுதா தம்பி?"

"ஆமாக்கா. சூட்டுல ஊத்தினதால."

"நல்லாத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்."

அவள் டிஸ்க்கைப் பார்த்தபடியே கேட்டாள். "அவரு வண்டிய விட்டு இறங்குனதும் கால் நெருப்பா கொதிக்கும். அந்தச் சூட்டுலதான் ஊத்துவேன். பழக்கடையில ஐஸ் வாங்கிப் போட்டுத்தான் ஊத்துவேன், எரிச்சல் அடங்கும்னு. அவரு காலும் இப்படித்தான் வெடிச்சுதா?"

இந்தக் கேள்வி வரும் என்று நான் நினைக்கவே இல்லை. இரும்பைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தேன், முட்டாள். அவள் காதில் விழுந்தது வேறு.

"இல்லக்கா. அது சர்க்கரை. கால் என்ன இரும்பா? டாக்டரே சொன்னாங்கல்ல?"

"டாக்டருக்கு நான் தண்ணி ஊத்துனது தெரியாதே" என்றாள். "நான் சொல்லல. அதுவும் கும்பிடுற மாதிரிதானே, அத யாரு டாக்டர்கிட்ட சொல்லுவா?"

நான் எத்தனையோ சொன்னேன். சர்க்கரைக்காரர்களுக்குக் கால் மரத்துப்போகும், பிறகு புண் ஆறாது, தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எனக்குத் தெரிந்ததையும் சொன்னேன், தெரியாததையும் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். நம்பவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். புது டிஸ்க் இரண்டு, புதுப் பேட். நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒரே அளவாக முறுக்கினேன். அவள் வந்தாள், ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள், அட்டைப் பெட்டியைப் பிரித்துக் காட்டினேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திருடன் என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா என்று எனக்கு ஏக்கமாகிவிட்டது.

அதற்குப் பிறகும் வாளியோடுதான் இருந்தாள், ஆனால் ஊற்றவில்லை. கடைசி நடை முடிந்ததும் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்ப்பாளாம், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. முழுக்க ஆறிய பிறகுதான் எழுந்து வீட்டுக்குப் போவாளாம். தவின் சொன்னார்.

பௌர்ணமி வந்தது. தவின் முன்சீட்டில் ஏறினார், நான் பின்பெஞ்சில் ஏறினேன். மேலே போய்க் கும்பிட்டுவிட்டு இறங்கினோம். ரொம்பச் செங்குத்தான வளைவில் அவள் பிரேக்கை மிதித்தபோது நான் கம்பிக்கு இடையில் எட்டிப் பார்த்தேன். ஸ்டீயரிங்கில் இரண்டே விரல் வைத்திருந்தாள். அது அசையவில்லை.

"போதும் ஸ்ரீவன், நல்லாப் புடிச்சுக்க" என்றார் தவின். "உன் இடம் உன்னுதுதான். எவன் கேக்கப் போறான். லம்பூன்காரன வேற வண்டி பாக்கச் சொல்லு."

வண்டி விற்க வேண்டியதில்லை, சேங்கின் சீட்டு அவளோடு இருக்கப்போகிறது, அதற்கு அவளிடம் ஒரு சிரிப்புகூட இல்லை. ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு இறங்கினாள். நான் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலிருந்து குதித்தேன். கோயில் முற்றத்தில் வெறுங்காலோடு வெயில் கல்லில் நடந்ததில் பாதம் இரண்டும் கொதித்துக்கொண்டிருந்தன.

"உக்காரு" என்றாள் என்னிடம்.

"எதுக்குக்கா?"

"பெஞ்சுல உக்காரு. கால நீட்டு."

வாளியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துத் தரையில் உட்கார்ந்தாள். எனக்குப் பகீரென்றது. என்னைவிடப் பத்து வயசு பெரியவள். அவள் கை என் காலில் படுவதா? காலை இழுத்துக்கொண்டேன். ஸ்டாண்டு மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது.

"அக்கா, வேண்டாம்க்கா. எனக்குப் பாவம் சேரும். எழுந்திரு."

"பேசாம இருடா. வெடிக்குதான்னு பாக்கணும்."

காலை நீட்டினேன். அவள் குனிந்து என் உள்ளங்காலில் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தாள். சுடுகிறது என்று தனக்குத்தானே தலையாட்டினாள். வெள்ளிக் கிண்ணத்தில் மொண்டாள். ஐஸ் துண்டு கிண்ணத்தில் மோதும் சத்தம் கேட்டது. நிதானமாக, இரண்டு காலிலும், குதிகாலில் ஆரம்பித்து விரல்வரைக்கும் ஊற்றினாள். சில்லென்று உச்சந்தலைவரைக்கும் ஏறியது. ஒரு மல்லிகைப் பூ என் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டு நின்றது.

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அசையவில்லை. தவின், புவா, யாரும் அசையவில்லை. தோலை விரலால் அழுத்திப் பார்த்தாள். குதிகாலைத் திருப்பிப் பார்த்தாள். விரல் இடுக்கை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள்.

"வெடிக்கல" என்றாள்.

"இல்லக்கா. வெடிக்காது."

"சுகமா இருக்கா?"

"ரொம்பச் சுகமா இருக்குக்கா" என்றேன்.

"அவரும் அப்படித்தான் சொல்லுவாரு" என்றாள். கழுத்தில் தொங்கிய துண்டை எடுத்து என் காலைத் துடைத்துவிட்டாள். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு, வரிசையில் தன் வண்டியை நகர்த்திவிடப் போனாள்.